விடியற்காலையில் ஊதி அழைத்துக் கயோட்டி வேட்டை: வண்டியை நிறுத்துவதிலிருந்து தோட்டாவை இறக்குவது வரை

கயோட்டி என்பது நரி போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு. அடிபட்ட முயல்போலக் கத்தும் ஊதலை ஊதி, அதை இரைதேடி வரவழைத்துச் சுடுவதுதான் இந்த வேட்டை. இதற்குப் புதிதாகக் கிளம்புகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த ஊதல் நல்லது?" என்பதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் வெறுங்கையோடு திரும்புவது ஊதலால் அல்ல. வண்டிக் கதவைத் திறப்பதற்கும் புதரடியில் உட்காருவதற்கும் இடையில் உள்ள இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் காரியம் கெட்டுவிடுகிறது. அதனால்தான் இங்கே ஊதும் பகுதி ஏழாவதாக வருகிறது.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட இடம் தெற்கு அரிசோனா, டூசான் நகரைச் சுற்றிய பாலைவனம். காலம் ஜனவரி. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் சட்டப் பகுதியை மட்டும் தங்கள் மாநில விதியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றும் கயோட்டியின் மூக்கும் எங்கும் ஒன்றுதான்.

1. முதலில் காகித வேலை

அரிசோனாவில் கயோட்டிக்குத் தடைக்காலம் கிடையாது, ஆனால் வேட்டை உரிமம் கட்டாயம். விடியற்காலையில் சுடலாம் என்றால் இருட்டில் சுடலாம் என்று பொருளல்ல. பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்புதான் சட்டப்படியான நேரம் தொடங்கும். இரவு வேட்டைக்குத் தனி விதிகள் உண்டு.

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். உங்களிடம் துப்பாக்கியோ தோட்டாவோ இருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விதிவிலக்கு. ஆகவே உரிமம் முதலில், துப்பாக்கியைத் தொடுவது பிறகு. நண்பருடையதுதானே என்று வாங்கிப் பிடிப்பதும் வேண்டாம். உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் அன்றோடு போயிற்று. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

குடியிருப்பு வீட்டிலிருந்து கால் மைலுக்குள், வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் சுடுவது அரிசோனாவில் குற்றம். கலிஃபோர்னியா பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயமில்லாத தோட்டாதான்.

ஊருக்கு விடுமுறையில் போகும்போது இந்த ஆர்வத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். இந்தியாவில் நரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு.

2. முந்தின நாள்: மூன்று இடம், இரண்டு காற்று

ஒருமுறை உட்கார்ந்து அழைத்துவிட்டு எழுவதை வேட்டைக்காரர்கள் "ஸ்டாண்ட்" என்பார்கள். ஒரு காலைக்கு மூன்று நான்கு ஸ்டாண்ட் போதும். வரைபடத்தில் ஆறு குறித்து வையுங்கள். காற்று மாறினால் பாதி பயன்படாது.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். கூட்டாட்சி அரசின் பிஎல்எம் (நில மேலாண்மைத் துறை) நிலத்திலும், உரிமம் வைத்திருப்பவர்கள் மாநில டிரஸ்ட் நிலத்திலும் வேட்டையாடலாம். சவாரோ தேசியப் பூங்காவுக்குள் கூடாது. டூசானுக்கு மேற்கே உள்ள டொஹோனோ ஓதம் பழங்குடி நிலத்தில் மாநில உரிமம் செல்லாது. தரையில் வேலி இல்லாத எல்லைகள் நிறைய உண்டு. நில உரிமை காட்டும் செயலியில் அந்தப் பகுதியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிக்னல் வராது.

பிறகு கயோட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வறண்ட ஓடை மணலில் தடம், மண்பாதையின் நடுவிலும் சந்திப்பிலும் முயல் மயிரோ மெஸ்கீட் முள்மரத்தின் விதையோ கலந்த எச்சம், மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய கால்தடம். முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் பாதையோரம் நின்று பத்து நிமிடம் காது கொடுங்கள். ஊளை கேட்ட திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டதும் பதிலுக்கு ஊத ஆசை வரும். ஊதாதீர்கள். நாளைய சரக்கை இன்றே காட்டியதாகிவிடும்.

3. பையில் இருக்க வேண்டியவை

இரண்டு ஊதல், பதிவு செய்த விலங்கு ஒலிகளைப் போடும் ஒரு எலக்ட்ரானிக் ஒலிப்பெட்டி, அதன் ரிமோட், இரண்டுக்கும் மாற்று பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் படுக்கும். பெரும்பாலும் ரிமோட்டுடையதுதான் முதலில் போகும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

ஊதலில் இரண்டு வகை. ரீட் (ஊதும்போது அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய தகடு) குழாய்க்குள் மூடியிருப்பது, ரீட் வெளியே தெரிவது. மூடிய ரீட் யார் ஊதினாலும் முயல் மாதிரியே கத்தும், ஆனால் வேறெதுவும் கத்தாது. திறந்த ரீட்டில் உதடு வைக்கும் இடத்தை மாற்றினால் முயல், எலி, கயோட்டிக் குட்டி, ஊளை எல்லாம் வரும். பழக இரண்டு வாரம் ஆகும். மூடிய ரீட்டில் எச்சில் உறைந்தால் சத்தம் நின்றுவிடும். ஊதலைப் பையில் போடாமல் சட்டைக்குள் கழுத்துக்கயிற்றில் தொங்கவிடச் சொல்வது அதற்காகத்தான்.

மீதி: டால்கம் பவுடர் நிரப்பிய சின்ன பிழிகுப்பி (காற்று பார்க்க), சிவப்பு வெளிச்ச ஹெட்லேம்ப், முகமூடி, மெல்லிய கையுறை, உட்காரத் தடிமனான மெத்தை, தண்ணீர், ரப்பர் கையுறை, பெரிய பிளாஸ்டிக் பை.

ஒரு சீப்பும் குறடும் கட்டாயம். சோய்யா கள்ளியின் முள்ளுருண்டை காலில் ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது, அது கைக்கு மாறி ஒட்டிக்கொள்ளும். சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் செருகி, உங்களிடமிருந்து வெளிப்பக்கமாக ஒரே வெட்டாகச் சுண்டுங்கள். மிஞ்சிய முள்ளைக் குறடால் இழுங்கள்.

மெத்தை சொகுசுக்காக அல்ல. கல் குத்தினால் ஏழாவது நிமிடம் அசைவீர்கள். கயோட்டி வருவதும் அந்தக் கணக்கில்தான்.

4. துப்பாக்கி

மேற்கத்திய கயோட்டி பெரும்பாலும் 10 முதல் 14 கிலோ. மயிர் அடர்த்தியால் பெரிதாகத் தெரியும். உள்ளே இருக்கும் நெஞ்சுப் பகுதி சிறியது. .223 ரெமிங்டன் தோட்டா, 50 அல்லது 55 கிரெய்ன் எடையுள்ள குண்டு தாராளம். 200 கஜத்துக்கு ஜீரோ வைத்தால் (அந்தத் தூரத்தில் குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால்) 100 கஜத்தில் சுமார் ஒன்றரை அங்குலம் மேலேயும், 250-ல் சுமார் மூன்று அங்குலம் கீழேயும் படும். அந்த எல்லைக்குள் நெஞ்சின் நடுவைப் பார்த்துச் சுட்டால் கணக்குப் போடத் தேவையில்லை. அதற்கு மேல் தூரம் என்றால் புதியவர் விட்டுவிட வேண்டும்.

ஸ்கோப்பை எப்போதும் மிகக் குறைந்த பெருக்கத்தில், 3 அல்லது 4-ல் வையுங்கள். 12-ல் வைத்துவிட்டு 30 கஜத்தில் கயோட்டி வந்து நின்றால் ஸ்கோப்பில் மயிர்தான் தெரியும், தலையா வாலா என்று தெரியாது. தூரத்தில் நின்றால் கூட்டிக்கொள்ள நேரம் இருக்கும். கிட்டத்தில் வந்தால் குறைக்க நேரம் இருக்காது.

புதர் நெருக்கமான ஓடைக்குள் உட்காருவதானால் ரவைகளைச் சிதறடிக்கும் ஷாட்கன் நல்லது. 40 கஜம்தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. இருட்டில் உள்ளே போவது

ஜனவரி இரண்டாம் வாரம் டூசானில் உதயம் ஏறக்குறைய 7:25. சுடும் நேரம் 6:55-க்குத் தொடங்கும் என்றால் 6:40-க்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியானால் வண்டி 6:15-க்கு நிற்க வேண்டும். கடிகாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். தாமதமானால் ஓட வேண்டிவரும், ஓடினால் வியர்க்கும். வியர்வை வாடையையும் குளிரையும் சேர்த்துக் கொண்டுவரும்.

வண்டியை உட்காரும் இடத்திலிருந்து 300, 400 கஜம் தள்ளி, ஒரு மேட்டுக்குப் பின்னால் நிறுத்துங்கள். உள்விளக்கை முன்பே அணைத்து வையுங்கள். கதவை அடித்துச் சாத்தாமல் இடுப்பால் அழுத்தி மூடுங்கள். ரிமோட் சாவியால் பூட்டாதீர்கள். அந்த "பீப்" ஒன்றுக்கே அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள அத்தனைக்கும் நீங்கள் வந்தது தெரிந்துவிடும். எவ்வளவு சொல்லியும் புதியவர்களின் விரல் பழக்கத்தில் அழுத்திவிடும். சாவியைப் பையின் அடியில் போட்டுவிடுவதுதான் வழி.

காற்று முகத்தில் படும்படி நடங்கள். கயோட்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று நினைக்கிறீர்களோ அந்த நிலத்தைத் தாண்டிப் போகாதீர்கள், உங்கள் காலடி வாடை அங்கே கிடக்கும். மேட்டின் முதுகில் ஏறினால் வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் தெரியும். பள்ளம் வழியாகவே போங்கள். வேலி தாண்டும்போது துப்பாக்கியின் அறையில் தோட்டா இருக்கக் கூடாது. மாட்டுப் பட்டியின் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள்.

6. காற்றும் உட்காரும் இடமும்

கயோட்டி நேராக ஓடிவந்து முயலைக் கவ்வும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில இளசுகள் வரும். அனுபவப்பட்டது ஒலி வரும் இடத்தைச் சுற்றி, காற்று போகும் பக்கத்துக்கு வந்து, மோந்து பார்த்த பிறகுதான் முடிவெடுக்கும். அந்தச் சுற்று உங்கள் முன்னால் நடக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. ஏற்பாடு முழுக்க இதற்குத்தான்.

காற்று இடமிருந்து வலமாக வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியை உங்களுக்கு இடப்புறம், சற்று முன்னால், 40 முதல் 60 கஜம் தள்ளி ஒரு புதரில் இடுப்பு உயரத்தில் வையுங்கள். பெட்டியின் வாடைக்கோட்டை (காற்று வாடையைக் கொண்டுபோகும் வழியை) தேடிவரும் கயோட்டி உங்கள் எதிரே வந்தாக வேண்டும். உங்கள் வாடைக்கோடு அதற்கும் வலப்புறம். அதைத் தொடுவதற்கு முன் சுட்டுவிட வேண்டும். வலப்பக்கம் வெட்டவெளியாக இருக்கும்படி பாருங்கள். அங்கே புதராக இருந்தால் அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

வலக்கைக்காரர் உட்கார்ந்தபடி இடப்பக்கம் எளிதாகத் திரும்பலாம், வலப்பக்கம் திரும்ப முடியாது. ஆகையால் உடம்பை முன்கூட்டியே சற்று வலப்புறம் திருப்பி உட்காருங்கள். தோளைவிட அகலமான புதருக்கு முன்னால், நிழலில் உட்கார வேண்டும். புதருக்குப் பின்னால் ஒளிந்தால் பார்க்கவும் முடியாது, சுடவும் முடியாது.

விடியற்காலைக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று உண்டு. காற்றே இல்லை என்று தோன்றும், ஆனால் இருக்கும். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியாக ஓடைக்குள் தண்ணீர் மாதிரி வடியும். பவுடரை ஒருமுறை பிழிந்து முழங்கால் உயரத்தில் விட்டால் புகைபோல் பள்ளத்தை நோக்கி நகருவது தெரியும். இந்த நேரத்தில் மேட்டில் உட்கார்ந்து ஓடையைப் பார்த்தால் உங்கள் வாடை முழுக்க எதிரே உள்ள பள்ளத்தில் போய் நிரம்பும். காட்சி அற்புதமாக இருக்கும், கயோட்டி வராது.

முதல் ஸ்டாண்டுக்கு ஓடையோரமாகத் தாழ்ந்த இடத்தில், ஓடை வரும் திசையைப் பார்த்து உட்காருங்கள். குளிர்காற்று முகத்தில் படும், வாடை பின்னால் போகும். வெயில் ஏறி மண் சூடானதும் காற்று சரிவில் மேலே ஏறத் தொடங்கும். மேட்டு இடங்களை அதற்குப் பிறகான ஸ்டாண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 15 மைலுக்கு மேல் காற்றடித்தால் ஒலி எட்டாது. வீட்டில் இருக்கலாம்.

உட்கார்ந்ததும் துப்பாக்கியைத் தாங்குகோலில் ஏற்றி, அதன் பின்கட்டையைத் தோளுக்கு அருகில் வையுங்கள். குழல் முனைக்கு முன்னால் கிளையோ மண்மேடோ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. ஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தாலும் குண்டு கிளையில் படலாம்.

இருவர் போனால் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். யார் எந்தத் திசை என்று அழைப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். தனித்தனியாகப் பிரிந்து உட்காருவது ஆபத்து.

7. ஊதுவது

உட்கார்ந்ததும் மூன்று நிமிடம் சும்மா இருங்கள். நீங்கள் வந்ததில் வாயை மூடிக்கொண்ட பறவைகள் மறுபடி கத்தட்டும்.

முதல் ஒலி மெதுவாக. பெட்டியானால் கால் பங்கு சத்தம். கயோட்டி நூறு கஜத்தில் படுத்திருந்தால், எடுத்த எடுப்பில் முழுச் சத்தம் வைத்தால் அது மறுபக்கம் ஓடும். முப்பது விநாடி ஒலி, ஒரு நிமிடம் அமைதி. யாரும் வரவில்லையென்றால் சத்தத்தைக் கூட்டி இன்னும் இரண்டு மூன்று சுற்று.

பெட்டி இல்லாமல் ஊதலையே ஊதினால் வாய் மூச்சால் மட்டும் ஊதாதீர்கள், வயிற்றிலிருந்து மூச்சை விடுங்கள். "வா… வா… வா…" என்று ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்குச் சற்று மேல், முதலில் உரக்க, போகப் போகத் தேய்ந்து. இருபது விநாடிக்குப் பத்து அலறல் போதும். ஊதல் முனையைக் கையால் பொத்திப் பொத்தித் திறந்தால் உயிரோடு இருப்பது மாதிரி நடுங்கும். புதியவர்கள் செய்யும் பிழை ஒரே அளவில், ஒரே உயரத்தில், ஆம்புலன்ஸ் மாதிரி இடைவிடாமல் ஊதுவது. சாகும் முயலுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது.

எட்டு, பத்து நிமிடத்தில் ஒலியை மாற்றுங்கள். ஜாக்ராபிட் என்ற பெரிய முயலின் கட்டைக் குரலிலிருந்து காட்டன்டெயில் என்ற சின்ன முயலின் கீச்சுக்கு, அல்லது பறவைக்கு. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை இணைசேரும் காலம். அப்போது முயலுக்கு முன் ஊளையில் தொடங்கலாம்: தனிக் கயோட்டியின் நீண்ட ஊளை இரண்டு, பிறகு இரண்டு நிமிடம் அமைதி. சண்டைக்கு அழைக்கும் குரைப்பு ஊளையைப் புதியவர்கள் தொடவே வேண்டாம், சின்னதெல்லாம் பயந்து போகும். கடைசி மூன்று நிமிடம் குட்டியின் கதறல்.

மொத்தம் 15 முதல் 20 நிமிடம். பெரும்பாலானவை முதல் பத்துக்குள் வந்துவிடும். ஆனால் பதினாறாவது நிமிடம் எழுந்து நின்றவுடன் எதிரே ஒன்று திரும்பி ஓடுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. எழுவதற்கு முன் கடைசியாக இரண்டு நிமிடம் ஒலியில்லாமல் உட்கார்ந்து, கண்ணை மட்டும் சுழற்றுங்கள். தலை திரும்பக் கூடாது.

8. வந்துவிட்டது

சாம்பல் நிறப் புதருக்கு நடுவில் ஒன்று நகரும், அவ்வளவுதான் தெரியும். அது ஓடிவந்துகொண்டிருக்கும் வரை ஒலியை மாற்றாதீர்கள், நிறுத்தவும் வேண்டாம். தலை ஒரு புதருக்குப் பின்னால் மறையும் நொடியில் மட்டும் துப்பாக்கியை நகர்த்துங்கள்.

300 கஜத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் பெட்டியை அணைத்துவிட்டு, புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சி எலிக்கீச்சு போடுங்கள். குளிர்ந்த அமைதியில் அந்தச் சின்னச் சத்தமும் போய்ச் சேரும்.

சுடும் தூரத்துக்கு வந்தபின் ஓடிக்கொண்டிருந்தால், முதலில் ஸ்கோப்பில் பிடியுங்கள், பிறகு வாயால் "வூஃப்" என்று ஒரு குரைப்பு. இரண்டு மூன்று விநாடி நிற்கும். குரைத்துவிட்டு ஸ்கோப்பில் தேடினால் நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் அது கிளம்பிவிடும். வரிசை மாறக் கூடாது. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடு உயரம். அதற்குப் பின்னால் மண்சரிவு இருக்க வேண்டும். மேட்டு விளிம்பில் வானத்துக்கு எதிரே நின்றால் சுடாதீர்கள். குண்டு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

அது கயோட்டிதானா? கிழக்கு அரிசோனாவிலும் மேற்கு நியூ மெக்சிகோவிலும் மெக்சிகன் ஓநாய் இருக்கிறது. 1976 முதல் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. 1998-ல் காட்டில் மறுபடி விட்டார்கள். எடை 23 முதல் 36 கிலோ. கயோட்டிக்குக் கூம்பிய மூஞ்சி, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கூர்க்காது. ஓநாய்க்கு அகன்ற மூஞ்சி, வட்டமான சின்னக் காது, நீளக் கால். கழுத்தில் ரேடியோ பட்டை இல்லையே என்று முடிவு செய்யாதீர்கள், எல்லாவற்றுக்கும் பட்டை கிடையாது. வீட்டு நாயும் முயல் சத்தத்துக்கு வரும். இன்னொரு வேட்டைக்காரரும் வருவார். அரைகுறை வெளிச்சத்தில் அசைவைப் பார்த்துச் சுடுவது கூடாது. காது, மூஞ்சி, வால் மூன்றும் தெரிந்த பிறகுதான் விரல் துப்பாக்கி விசைக்குப் போக வேண்டும். பாப்கேட் என்ற காட்டுப்பூனை, மலைச் சிங்கம் வந்தால் அவற்றுக்கு வேறு பருவம், வேறு அனுமதி.

9. சுட்ட பிறகு

எழாதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றி, உடனே குட்டிக் கதறலைப் போடுங்கள். குளிர்காலத்தில் பெரும்பாலும் ஜோடியாகத் திரியும். இரண்டாவது நூறு இருநூறு கஜத்தில் குழம்பி நிற்கும். ஐந்து நிமிடம் கொடுங்கள். எம்பிக் குதித்து ஓடிப்போய்ப் பார்ப்பவர்கள் இழக்கும் கயோட்டி இதுதான்.

கிளம்புவதற்கு முன், உட்கார்ந்த இடத்திலிருந்தே அது விழுந்த இடத்தை ஃபோனில் படமெடுங்கள். நீங்கள் உட்கார்ந்த புதரில் ஒரு நிறத்துணி கட்டுங்கள். 180 கஜம் நடந்து போனால் எல்லாப் புதரும் ஒன்றுபோல இருக்கும். மெஸ்கீட் நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளி, முள்ளும் அதே குணம்தான். திரும்பிப் பார்த்து அந்தத் துணியை வைத்து நேர்க்கோடு பிடியுங்கள்.

முதுகுப் பக்கமாகக் கிட்டே போய், நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசைந்தால் உயிர் இருக்கிறது. தாமதிக்காமல் இன்னொரு குண்டு.

ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ரேபிஸ் எச்சிலில் இருக்கும், உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் மயிரில் இருக்கும். உடம்பு குளிர்ந்ததும் அவை வேறு சூடான உடம்பைத் தேடும், தூக்கிவரும் உங்களைத்தான். கட்டிய பையில் போட்டுக் கொண்டுவருவது அதனால். மயிர் கொட்டிப் பொருக்குத் தட்டியிருந்தால் சொறிநோய், தோலுக்கு ஆகாது. தோல் நன்றாக இருப்பது டிசம்பர், ஜனவரியில். உடலைச் சாலையோரத்தில் வீசிவிட்டுப் போவது அநாகரிகம் மட்டுமல்ல, பல இடங்களில் அபராதமும் உண்டு.

10. அடுத்த ஸ்டாண்ட்

திறந்த வெளியானால் ஒரு மைல், மேடுபள்ளமும் புதருமானால் அரை மைல் தள்ளி. அதற்குள் உட்கார்ந்தால் முந்தின ஒலியைக் கேட்டு வராமல் போன அதே கயோட்டிக்குத்தான் மறுபடி ஊதுவீர்கள். வண்டியில் ஏறும்முன் தோட்டா அறையைத் திறந்து, விரலை விட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, விடியலில் கை விறைத்திருக்கும்போது ஏமாறுவது எளிது.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் அவை நிழலில் ஒதுங்கும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் நோட்டில் நான்கு குறிப்பு: காற்று எந்தப் பக்கம், எந்த ஒலி, எத்தனாவது நிமிடம், எந்தத் திசையிலிருந்து. எதுவும் வராத ஸ்டாண்டையும் எழுதுங்கள். ஒருமுறை அழைத்த இடத்துக்கு மூன்று வாரமாவது போகாதீர்கள். போகும்போது வேறு ஒலி, முடிந்தால் வேறு பக்கத்திலிருந்து.